விரால் ராடுக்கு நூல் சுற்றும் எபாக்ஸி பூச்சும்: ஒரு பட்டறைக் குறிப்பு

விரால் பிடிக்கும் தூண்டில் ராடு இது, 7 அடி. ஒரே துண்டு கறுப்பு கார்பன் பிளாங்க் (பிடியும் வளையமும் மாட்டாத வெறுங்கோல்), விறைப்பில் மீடியம் ஹெவி. கண்மாயில் அல்லி, ஆகாயத்தாமரைக்கு நடுவே தவளை லூர் (செயற்கை இரை) போட்டு விராலை வெளியே இழுக்க வேண்டிய ராடு. கைடு, அதாவது லைன் ஓடும் வளையம், எட்டு, நுனியில் ஒன்று. ரீலுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கைடும் இரட்டைக் கால், மற்ற ஆறும் ஒற்றைக் கால். ஆக, காலை நூல் சுற்றிப் பிளாங்கில் பிடிக்கும் கைடுக் கட்டு பத்து, நுனிக் கட்டு ஒன்று, பிடிக்கு மேலே அலங்காரக் கட்டு ஒன்று.

கேட்ட நிறம்: கைடுக் கட்டுகள் அரக்கு, ஓரத்தில் மெல்லிய ஜரிகைக் கோடு. பிடிக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு, வெயில் பட்டால் உள்ளிருந்து ஒளி அடிப்பது போன்ற சிவப்பு. சுங்குடிச் சேலைக் கலர் என்றால் எங்கள் மதுரையில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பிளாங்கின் முதுகெலும்பு (விறைப்பான பக்கம்) பார்ப்பது, பிடி ஒட்டுவது எதுவும் இதில் இல்லை. நூலும் பூச்சும் மட்டும்.

அரக்கு வேண்டுமென்றால் அரக்கு நூல் வாங்கக் கூடாது

புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் இடறும் இடம் இது. ஸ்பூலில் பார்க்கும் நிறம், மேலே பூசும் எபாக்ஸி (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பிசின்) பட்டபின் நிற்காது. நைலானின் ஒளிவிலகல் எண் சுமார் 1.53. இறுகிய எபாக்ஸியுடையதும் ஏறக்குறைய அதேதான். இழைகளுக்கு இடையே காற்று இருக்கும்வரை ஒளி சிதறி நூல் பளிச்சென்று தெரிகிறது. அந்த இடத்தில் எபாக்ஸி நிரம்பியதும் சிதறல் நின்றுவிடும், நூல் கண்ணாடி போலாகிவிடும், அடியில் இருக்கும் பிளாங்கின் கறுப்பு மேலே வந்துவிடும். வெள்ளை நைலான் கிட்டத்தட்டக் காணாமலே போகும். மஞ்சள் பாசி கலந்த பழுப்பாகும். இளநீலம் கருநீலமாகும். அரக்கு நூலைச் சுற்றினால் கறுப்புதான் மிஞ்சும்.

பட்டு நூல் இதில் இன்னும் மோசம், அல்லது இன்னும் அழகு. எதற்குக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. மூங்கில் ஃபிளை ராடு கட்டுகிறவர்கள் வெள்ளைப் பட்டைத் தேடிப் போவதே பூச்சுக்குப்பின் நூல் மறைந்து மூங்கில் தெரியட்டும் என்றுதான்.

எனவே அரக்குக்கு நல்ல சிவப்பு நைலான், A அளவு, எந்தத் தடுப்புப் பூச்சும் இல்லாமல். கறுப்பு பிளாங்கின் மேல் எபாக்ஸி குடித்ததும் அது தானாக அரக்காகும். எந்த அளவு அரக்கு என்பது நூலுக்கு நூல் மாறும். அதனால் அதே கறுப்பில் ஒரு வெட்டுத் துண்டு பிளாங்கை எடுத்து, ஒவ்வொரு சிவப்பிலும் 10 மி.மீ. சுற்றி, பாதியில் கலர் பிரிசர்வர் (நிறம் மாறாமல் தடுக்கும் பூச்சு) தடவி, மீதியை அப்படியே விட்டு, மேலே எபாக்ஸி பூசி, இறுகியபின் வெயிலில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் பார்த்து முடிவெடுத்த நிறம் கண்மாய்க்கரையில் வேறாக இருக்கும். அவசரத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதுண்டு. ஆனால் அதன் விலகல் எண் 1.38தான் என்பதால் காட்டுவதைவிட இறுதி நிறம் இன்னும் இருண்டே வரும்.

கலர் பிரிசர்வர்: எங்கே வேண்டாம்

தண்ணீர் கலந்த அக்ரிலிக் திரவம் அது. நூலுக்குள் முதலில் அது போய் உட்கார்ந்துகொள்வதால் எபாக்ஸிக்கு இடமில்லை, நிறம் நிற்கிறது. அதே காரணத்தால்தான் கைடுக் கட்டில் அதை நாங்கள் தொடுவதில்லை. எபாக்ஸி நூலை ஊடுருவி பிளாங்கையும் கைடின் காலையும் பிடித்தால்தான் கட்டு ஒரே உடம்பாகும். பிரிசர்வர் தடவிய கட்டில் எபாக்ஸி மேலே ஒரு குழாயாக உட்கார்ந்திருக்கும், உள்ளே நூல் வெறும் இழுவிசையில் நிற்கும். ஜிலேபி மீனுக்குப் பரவாயில்லை. கொடியோடு சேர்த்து விராலை இழுக்கும் ராடில் கைடு மெல்ல நகர ஆரம்பிக்கும்.

நிறமும் மாறக் கூடாது, பிடிப்பும் வேண்டும் என்றால் நிறம் மாறா நூல் என்றே விற்கிறார்கள், ஆலையிலேயே பதப்படுத்தியது. கொஞ்சம் மந்தமான, துணி போன்ற தோற்றம் வரும். அது பிடித்தவர்களுக்குச் சரி.

பிரிசர்வர் போட்டே ஆகவேண்டிய அலங்காரக் கட்டுகளில் செய்யும் தப்பு, கஞ்சத்தனம். தூரிகையில் தொட்டுத் தடவினால் சில இடம் குடித்திருக்கும், சில இடம் குடித்திருக்காது. எபாக்ஸி போட்டபின் தேமல் மாதிரி திட்டுத்திட்டாகத் தெரியும், அதற்குப்பின் வைத்தியம் கிடையாது. நூல் நனைந்து வழியும் அளவுக்கு ஊற்றி, சில நிமிடம் கழித்து மிச்சத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, காய்ந்தபின் இன்னொரு முறை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இது காய ஒரு இரவு போதாது. ஈரம் உள்ளே இருக்க மேலே எபாக்ஸி போட்டால் பால் போல் மங்கும்.

உள்ளூர் நூல்கள்

ராடு நூலை ஆன்லைனில்தான் வாங்கவேண்டியிருக்கிறது என்பதால், மாசி வீதிகளின் தையல் சாமான் கடைகளில் கிடைப்பதைப் போடலாமா என்று கேட்கிறார்கள். சாதாரண பாலியஸ்டர் தையல் நூல் வேண்டாம். அது குட்டை இழைகளை முறுக்கியது, மேலெல்லாம் பஞ்சுமுடி. எபாக்ஸி பட்டதும் அந்த முடிகள் நட்டுக்கொண்டு நிற்கும். மெஷின் ஊசியில் சிக்காமல் ஓட அதில் சிலிக்கான் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அது எபாக்ஸியை விரட்டும். எம்பிராய்டரி மெஷினுக்கு வரும் 40 நம்பர் பாலியஸ்டர் நூல் நீள இழை, மினுமினுப்பு நன்றாக இருக்கும்; ஓரக்கோட்டுக்கும் அலங்காரத்துக்கும் தாராளமாகப் போடலாம். அதே அலமாரியில் இருக்கும் ரேயான் பார்க்க இன்னும் பளபளப்பு, ஆனால் நனைந்தால் பலம் போய்விடும். கைடைப் பிடிக்க இரண்டுமே வேண்டாம்.

ஜரிகை எபாக்ஸியில் நிறம் மாறாது. உலோகம் பூசிய மெல்லிய படலத்தை நூலின்மேல் சுற்றியதுதான் இப்போது கிடைக்கும் ஜரிகையில் பெரும்பாலானது. ஒளி உள்ளே போனால்தானே நிறம் மாற. இரண்டு விஷயத்தில் கவனம்: மழுக்கிய பொருளால் அழுத்தித் தேய்த்தால் படலம் உரிந்து உள்நூல் தெரியும், தீ காட்டினால் சுருளும்.

நூல் எவ்வளவு பிடிக்கும் என்பது எளிய கணக்கு. பிளாங்க் 8 மி.மீ. கனமுள்ள இடத்தில் ஒரு சுற்று சுமார் 25 மி.மீ. நூல். A நூல் ஏறக்குறைய 0.15 மி.மீ. கனம், 25 மி.மீ. நீளக் கட்டுக்கு 165 சுற்றுக்கு மேல் வரும், அதாவது நாலேகால் மீட்டர் அளவில். நுனியை நோக்கிப் போகப் போக மளமளவென்று குறையும். 100 கெஜம் ஸ்பூல் ஒன்று இந்த ராடுக்குப் போதும், சோதனைக்கும் மிஞ்சும்.

சுற்றுவது

கைடின் கால் நுனியை அரத்தால் சரிவாக்கி, 400 உப்புத்தாளில் பிசிறு எடுத்த பிறகே டேப்பால் பிளாங்கில் நிறுத்தவேண்டும். கால் நுனி படி போல் நின்றால் நூல் அதில் ஏறும்போது இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் பிறகு காற்றுக் குமிழ் கிளம்பும் வாசல். அடிப்பக்கம் கூர்மையாக இருந்தால் பிளாங்கையே கீறும்.

காலுக்கு 5 மி.மீ. முன்னாலிருந்து பிளாங்கில் தொடங்குங்கள். முதல் ஆறேழு சுற்று நூலின் வால் நுனியின் மேல் ஏறிப் பிடித்ததும் வாலை வெட்டிவிடலாம். முடிவதற்கு எட்டுப் பத்துச் சுற்று இருக்கும்போது ஒரு நூல் வளையத்தை வைத்து அதன்மேல் சுற்றி, நுனியை வளையத்தில் கோத்து உள்ளே இழுத்து, புது பிளேடால் ஒட்ட வெட்டவேண்டும். பழைய பிளேடு அறுக்காது, பிய்க்கும். பிய்ந்த நுனி எபாக்ஸிக்கு வெளியே முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும்.

இழுவிசைக்கு ஒரு சோதனை: சுற்றி முடித்ததும் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் கைடு கொஞ்சம் அசைந்து நேராகவேண்டும். அசையவே இல்லையென்றால் இறுக்கம் அதிகம். மெல்லிய கார்பன் பிளாங்கின் நுனிப் பகுதியை நூலே நெரித்துவிடும், அது உடையும் நாளில் பழி பிளாங்கின்மேல் விழும். சுற்றியபின் ஸ்பூன் முதுகால் லேசாகத் தேய்த்தால் இடைவெளிகள் சேரும். நைலானில் நிற்கும் பிசிறுகளுக்கு ஸ்பிரிட் விளக்கின் தீயை ஒரு வீச்சில் காட்டி எடுத்தால் போதும்.

அடிநூல்

அலங்காரக் கட்டில்தான் அடுக்குவேலை வருகிறது. உள்ளிருந்து ஒளிரும் சிவப்புக்கு முதல் அடுக்கு வெள்ளி ஜரிகை, அதன்மேல் அதே சிவப்பு நைலான். எபாக்ஸி குடித்து நைலான் கண்ணாடியானதும் கறுப்புக்குப் பதிலாக வெள்ளி தெரியும். ஒளி சிவப்பைக் கடந்து போய் வெள்ளியில் பட்டுத் திரும்பி மறுபடியும் சிவப்பைக் கடந்து வரும். கைடுக் கட்டில் அரக்காகும் அதே ஸ்பூல் நூல் இங்கே மாதுளை முத்து போலாகிவிடும்.

இதில் கெடுவது பெரும்பாலும் அடி அடுக்கில். மேல் நூலைவிட அடிநூல் தடித்திருந்தால், மேல் நூல் அதன் பள்ளங்களில் விழுந்து விழுந்து எழும். பூச்சுக்குப்பின் நெளிநெளியாகத் தெரியும். கிடைக்கிறதிலேயே மெல்லிய ஜரிகை எடுங்கள். அடி அடுக்குக்கு ஒரு மிக மெல்லிய எபாக்ஸி கோட் கொடுத்து, இறுகியபின் 600 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரே ஒரு சுற்று தேய்த்துப் பள்ளத்தை நிரவி, துடைத்துவிட்டு மேலடுக்கைச் சுற்றுவது எங்கள் வழக்கம். அழுத்தித் தேய்த்தால் ஜரிகை வெளியே வந்துவிடும். நேரமில்லாதவர்கள் வெறும் அடிநூலின் மேலேயே சுற்றலாம். அப்போது இரண்டு அடுக்கையும் ஒரே முதல் கோட் ஊடுருவ வேண்டும், குமிழ் இரட்டிப்பாக வரும்.

கைடுகளுக்கு அடியில் அடிநூல் இந்த ராடில் தேவையில்லை. ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் படகில் கனமான எடை கட்டிப் போடும் ராடுகளுக்கு அது நியாயம்: உலோகக் கால் பிளாங்கை அழுத்தாமல் மெத்தையாக இருக்கும். கண்மாய் ராடின் நுனியில் ஏற்றும் ஒவ்வொரு கிராமும் ராடை மந்தமாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

எபாக்ஸி: எது, எவ்வளவு

பிடி ஒட்டும் கெட்டி அரால்டைட்டை நூல்மேல் பூச வேண்டாம். கெட்டி, மஞ்சள், நூலுக்குள் இறங்காது. ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். கைவினைக்காரர்கள் வாங்கும் ஆர்ட் ரெசின் தெளிவாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அது தட்டையான அச்சில் பரவுவதற்காகத் தண்ணீராகச் செய்தது; ராடில் மணிக்கணக்கில் சொட்டும். அதோடு பல ஆர்ட் ரெசின்களின் கலவை 2:1 அல்லது 3:1. ராடுக்கென்றே வரும் ஃபிளெக்ஸ் கோட் போன்றவை 1:1, இறுகியபின்னும் ராடோடு வளையும். அதில் லைட், ஹை பில்டு என்று இரண்டு கனம் இருக்கும். இந்த ராடு முழுக்க லைட்தான்.

1:1 என்பது கன அளவில். இரண்டின் அடர்த்தியும் ஒன்றல்ல, அதனால் தராசில் சரிக்குச் சரி நிறுத்தால் கலவை தப்பும். ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் இரண்டு, ஒன்றில் சிவப்பு டேப் ஒட்டி ஹார்ட்னருக்கு (பிசினை இறுக்கும் இரண்டாவது திரவம்) மட்டும். இந்த ராடுக்கு ஒரு கோட்டுக்கு 3 மி.லி. + 3 மி.லி. போதும், மிஞ்சும். மிஞ்சுகிறதே என்று 1 + 1 கலக்காதீர்கள்: சிரிஞ்சில் 0.1 மி.லி. பிசகினால் மூன்றில் அது 3 சதவீதம், ஒன்றில் 10 சதவீதம். இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும் பூச்சுகளில் முக்கால்வாசிக்கு இதுவும் அரைகுறைக் கலக்கலும்தான் காரணம்.

மூன்று நிமிடம், மெதுவாக, கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்கவேண்டும். காபி ஆற்றுகிற வேகத்தில் கலக்கினால் நுண்குமிழ் நிறையும். கலந்த உடனே கப்பிலிருந்து அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்புங்கள். கப்பில் குவிந்திருந்தால் வினையின் சூடு வெளியேற வழியின்றி அந்தச் சூடே வினையை முடுக்கும். பரப்பினால் சூடும் ஆறும், குமிழும் மேலே வந்து உடையும்.

பாட்டிலில் போட்டிருக்கும் வேலைநேரம் 24, 25 டிகிரிக்கு உரியது. பத்து டிகிரி ஏறினால் வினை வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மதுரை ஓட்டு வீட்டுக்குள் 36, 37 டிகிரி இருக்கும்போது 25 நிமிடம் என்று போட்டிருப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். கோடையில் விடியற்காலை பூசுவது நல்லது: சூடு தணிந்திருக்கும், தெருப்புழுதியும் எழும்பியிருக்காது. அப்போதும் ஒரே கலவையில் எல்லாக் கட்டையும் முடிக்க நினைக்காமல், ரீல் பக்கம் ஒரு கலவை, நுனிப் பக்கம் ஒரு கலவை என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

முதல் கோட்

கையில் நைட்ரைல் கையுறை. எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்தால் பிறகு போகாது. ராடுக்கும் அது நல்லது. காலையில் தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் விரலில் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் எபாக்ஸி விலகி வட்ட வட்டமாகக் கண் விழும். பூசுவதற்கு முன் கட்டுகளின் இரு பக்கமும் பிளாங்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடவேண்டும்.

ராடைச் சுழற்ற நிமிடத்துக்கு 5, 6 சுற்று போதும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு மோட்டார் அந்த வேகம்தான். வாங்கும் முன் லேபிளைப் பாருங்கள்: 220–240 வோல்ட்டும் உண்டு, 21 வோல்ட், 30 வோல்ட்டும் உண்டு, பின்னவற்றை நேராகச் செருகினால் புகைதான். போடும்போது எந்தப் பக்கம் சுற்றும் என்பது அதன் இஷ்டம், அதனால் பாதகமில்லை.

முதல் கோட்டின் வேலை உள்ளே இறங்குவது மட்டும். பளபளப்பை அதில் எதிர்பார்க்கக் கூடாது. கைடின் கால் ஓரமாக இரண்டு பக்கமும் நூலுக்கும் பிளாங்குக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். பல் குத்தும் குச்சியால் அங்கே முதலில் எபாக்ஸியைச் செலுத்துங்கள். மறுமுனையில் எபாக்ஸி எட்டிப் பார்த்தால் சந்து நிறைந்தது. இதை விட்டுவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று, நடுப்பகலில் சூடேறி விரிந்து, பாதி இறுகிய பூச்சில் குமிழாக எழும். பிறகு தூரிகையால் நூல் முழுக்க. ஓரத்தில் நூலைத் தாண்டி 1 முதல் 1.5 மி.மீ. வரை பிளாங்கில் ஏறவேண்டும், தண்ணீர் உள்ளே புகாமல் அடைப்பது அந்த விளிம்புதான். தூரிகையை அசைக்காமல் நிறுத்திவைத்து ராடைச் சுழலவிட்டால் விளிம்பு தானே நேராக வரும்.

ஐந்து நிமிடம் கழித்து மோட்டாரை நிறுத்துங்கள். அதிகப்படியான எபாக்ஸி கட்டின் அடியில் வயிறு தொங்கும். உலர்ந்த தூரிகையால் அதை ஒற்றி எடுத்து, அரைச் சுற்று திருப்பி, மறுபடியும். நூலின் வரிவரியான மேடு கண்ணுக்குத் தெரியும்வரை எடுக்கவேண்டும். குமிழ் மிஞ்சியிருந்தால் ஸ்பிரிட் விளக்கை அடியில் ஒரு நொடி காட்டினால் உடைந்துவிடும். மெழுகுவர்த்தியின் மஞ்சள் தீ கரி பிடிக்கும். அங்கேயே தீயை நிறுத்தினால் எபாக்ஸி தண்ணீராகி ஓடும், ஜரிகை கருகும்.

மூன்று நாலு மணி நேரம் சுழலவேண்டும். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள் எது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் நின்றுபோனால், முதல் ஒரு மணி நேரம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கையால் அரைச் சுற்று. எபாக்ஸி தேன்பதம் தாண்டியபின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை ஈசல். விளக்கு வெளிச்சத்துக்கு வந்து இறகோடு பூச்சில் ஒட்டிக்கொள்ளும். கட்டுகளின்மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். மின்விசிறி எந்தக் காலத்திலும் கூடாது.

இரண்டாவது, மூன்றாவது

நகத்தால் அழுத்தினால் தழும்பு விழாது, ஆனால் இன்னும் கல்லாகவில்லை என்ற பதத்தில் அடுத்த கோட். கோடையில் அது ஐந்தாறு மணி நேரத்தில் வரும், மார்கழியில் இரவு கழியவேண்டும். இந்த இடைவெளியில் போட்டால் இரண்டு கோட்டும் வேதிப்பிணைப்பில் ஒன்றாகிவிடும். ஒரு நாள் தாண்டிவிட்டால் 600 உப்புத்தாளால் பளபளப்பை மழுக்கி, துடைத்து, பிறகு போடவேண்டும். மழுக்காமல் போட்ட கோட் பின்னாளில் தகடாக உரியும்.

மழைநாளில் இறுகிய பரப்பைத் தொட்டால் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்ட்னரோடு சேர்ந்து உண்டாக்கும் படிவு அது. ஸ்பிரிட்டால் துடைத்தால் இழுவி மறுபடியும் படியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தபிறகே அடுத்த கோட், இல்லாவிட்டால் ஒட்டாது.

கைடுக் கட்டுகளுக்கு இரண்டு கோட் போதும். ஒரே தடித்த கோட்டில் முடித்தால் பரப்பு இழுவிசை எபாக்ஸியை நடுவுக்கு இழுத்து, கட்டு நடுவில் பருத்து ஓரத்தில் மெலிந்துவிடும். கண்ணாடிபோல் சமமாக வேண்டிய அலங்காரக் கட்டுக்கு மூன்றாவது கோட் போட்டோம். அதற்கு முன் இரண்டாவது கோட்டின் மேடுகளை 600-ஆல் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமன் செய்தாயிற்று. தேய்த்தபின் வெளிறி மங்கலாகத் தெரிவதைக் கண்டு பயப்படவேண்டாம், அடுத்த கோட் நனைத்ததும் தெளிந்துவிடும்.

கெட்டுப்போனால்

இறுகியபின் தெரியும் கண், மேலே திறந்த குமிழ்க்குழி: மழுக்கி, ஆல்கஹாலால் துடைத்து, குழியில் குச்சியால் ஒரு சொட்டு வைத்து, பிறகு மெல்லிய கோட். மேற்பரப்பு மட்டும் லேசாக ஒட்டினால் சரியாகக் கலந்த மெல்லிய கோட் ஒன்று பெரும்பாலும் காப்பாற்றிவிடும். நகம் புதையும் அளவுக்கு ரப்பராக இருந்தால் மேலே என்ன போட்டாலும் வீண், கழற்றத்தான் வேண்டும்.

கழற்றும்போது பிளேடு கைடின் உலோகக் காலின் மேல் மட்டும் ஓடவேண்டும், பிளாங்கின் பக்கம் போகவே கூடாது. கார்பனில் விழும் மயிரிழைக் கீறல் போதும், முதல் பெரிய மீனுக்கு அங்கேதான் முறியும். ஹேர் டிரையரால் சூடேற்றி, காலின் முதுகில் நீளவாக்கில் கீறி, நகத்தால் நெம்பினால் நூலும் எபாக்ஸியும் சேர்ந்து பட்டையாக வரும். பிளாங்கில் மிஞ்சும் விளிம்பை இளஞ்சூட்டில் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுக்கலாம்.

கைக்கு இறுகியது என்பதற்கும் முழுதாக இறுகியது என்பதற்கும் ஒரு வாரம் வித்தியாசம். அதுவரை ராடை வளைக்கவோ, கட்டுகள் எதன்மேலும் அழுந்தும்படி சாய்த்துவைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் அறைச் சூட்டில் இறுகும் எபாக்ஸிகள் பல 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். வைகை அணைக்கரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் அந்தச் சூட்டை எளிதில் எட்டும், சீட் துணியின் நெசவு அப்படியே கட்டில் பதிந்துவிடும். துணி உறையில் போட்டு, நிழலில் வையுங்கள்.